ஒரு வருடப் படிப்பா, இரண்டு வருடப் படிப்பா

காலாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். மழைக்கு முந்திய புழுக்கம். சிவப்பு மை விரலில் ஒழுகி, வழித்த இடமெல்லாம் ஒட்டியிருந்தது. மணி ஐந்தரை இருக்கும். போன் அடித்தது.

ஜெசிந்தா அந்த நேரத்தில் அழைக்க மாட்டாள். ஜெர்மனியில் அப்போது பகல் இரண்டு மணி. வகுப்பில் இருக்க வேண்டிய நேரம்.

வீடியோவில் நீளமான ஒரு தாழ்வாரம் தெரிந்தது. புதுக்கோட்டையில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கிய பழுப்பு நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தாள்.

“ஏங்க, கோர்ஸ் இல்லையாம்.”

“இல்லைன்னா? லீவா?”

“லீவு இல்லைங்க. அந்தக் கோர்ஸே இந்த வருசம் நடத்தலையாம். நாலு பேருதான் சேந்துருக்கோம். பத்துப் பேராவது வேணுமாம்.”

என் மனைவி அந்த ஊருக்குப் போய் அன்றைக்கு ஒன்பதாவது நாள். எங்கள் மகள் செலினுக்கு அப்போது ஏழு வயது. ஒரே வருடம்தான், அடுத்த காலாண்டுப் பரீட்சைக்குள் அம்மா வந்துவிடும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

“இப்ப என்ன பண்ணச் சொல்றாங்க?”

“வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குன்னு ஒரு லிஸ்ட் இருக்குல்ல, அதுல வேற ரெண்டு கோர்ஸ் காட்டுறாங்க. எதை எடுத்தாலும் உதவித்தொகை உண்டு. ஒண்ணு ஒரு வருசம். இன்னொண்ணு ரெண்டு வருசம்.”

அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். நீங்க சொல்லுங்க. எதை எடுக்கட்டும்?”

நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நான்கு கம்பியும் ஒரு பெட்டியும்

நான் குளத்தூருக்கு மாற்றலாகி வந்த கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் சொன்னேன். கல்யாணம் அதற்கு அடுத்த வருடம். பெண் ஆவூர்ப் பக்கம். திருச்சியில் நிலவியல் படித்தவள். சீதனம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனால் அவள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றில் எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒரு தகரப் பெட்டியும் நான்கு இரும்புக் கம்பிகளும் இரண்டு பெரிய வயர் சுருளும்தான்.

போர்வெல் போட இடம் பார்ப்பது அவள் தொழில். கம்பிகளை ஒரே வரிசையில் தரையில் அடித்து, வயரை மாட்டி, மின்சாரத்தை உள்ளே அனுப்பி, பெட்டியில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்வாள். பிறகு கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்து மறுபடியும் எண். எங்கள் பக்கத்தில் இதற்கு நீரோட்டம் பார்ப்பது என்று பெயர். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்க்கிறவர்களும் உண்டு. பாதிப் பேர் முதலில் அவர்களைக் கூப்பிட்டுவிட்டு, சந்தேகத்துக்கு இவளைக் கூப்பிடுவார்கள். மீதிப் பேர் இவளை முதலில் கூப்பிட்டுவிட்டு, சந்தேகத்துக்கு அவர்களைக் கூப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போவேன். செலின் பிறந்த பிறகு அவளும் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வருவாள். காட்டில் எங்களுக்கு இளநீரோ மோரோ கிடைக்கும். கம்பி அடிக்கும் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கடைசி அடிக்கு முன்னால் ஒரு மூச்சு விடுவாள், அதுவும் இருக்கிறது.

நான் பிறந்த ஆலங்குடிப் பக்கம் மணல் படிந்த பூமி. குளத்தூர்ப் பக்கம் பாறை. பாறையில் தண்ணீர் எல்லா இடத்திலும் இருக்காது. வெடிப்பு ஓடுகிற இடத்தில் மட்டும் இருக்கும். வெடிப்பு எங்கே ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

ராமையா என்று ஒரு விவசாயி. கடலை போடுகிறவர். ஜெசிந்தா கைகாட்டிய இடத்தில் எழுநூறு அடி போட்டார். வெறும் சாம்பல் நிறத் தூள் வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் நாற்பது அடி தள்ளிப் போட்டார். முந்நூறிலேயே தண்ணீர் பொங்கியது.

ராமையா சத்தம் போடவில்லை. “ஒன் மேல தப்பில்ல ஆத்தா. தண்ணி இருந்தாத்தான வரும்” என்றார்.

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அன்றைக்கு அந்தத் தூள் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலை முந்தானை, புருவம், தலை எல்லாம் சாம்பல்.

“பாறைக்குள்ள வெடிப்பு எங்கிட்டுப் போகுதுன்னு எனக்குத் தெரியலங்க” என்றாள். “தெரியாமத்தான் இத்தன வருசம் கைகாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.”

பட்டியல்

வெளிநாட்டில் போய்ப் படிப்பது என்று அவள் முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். முதலில் திருச்சியில் ஒரு ஆலோசனை நிலையத்துக்குப் போனோம். கழுத்தில் டை கட்டிய இளைஞர், அவள் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, “மேடம், நீங்க மேனேஜ்மென்ட் எடுங்க. எல்லாரும் அதத்தான் எடுக்கிறாங்க” என்றார். “எனக்குப் பாறை வேணும் தம்பி” என்றாள் இவள். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, பாறை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதனால் நாங்களே தேடினோம். மூன்று மாதம், சாயங்காலம் சோறு வேகிற நேரமெல்லாம் அதற்குத்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டு மாணவர்கள் சேரக்கூடிய படிப்புகள் என்று ஒரு பட்டியல் போட்டிருப்பார்கள். நூறு, இருநூறு பெயர்கள். காற்றாலை, கடல் உயிரினம், பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது, ரொட்டி சுடுவதைப் பற்றிக்கூட ஒரு படிப்பு.

நான் தமிழாசிரியன். அவள் ஆங்கிலத்தில் பெயரை வாசிப்பாள்; நான் அதற்குத் தமிழில் ஒரு பெயர் வைப்பேன். பனிப்பாறை இயல். மண்ணரிப்புக் கணிப்பு. வயது முப்பத்தைந்து ஆகப் போகிற இரண்டு பேர் அடுப்படியில் உட்கார்ந்து இப்படி விளையாடிக்கொண்டிருந்தோம். குழம்பு இரண்டு முறை அடிப்பிடித்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த மாதங்கள் வேறு இல்லை.

அந்தத் தேடலில்தான் ஒரு வருட நிலத்தடி நீர்ப் படிப்பு ஒன்று கிடைத்தது. இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைத்தது. அவள் திருச்சியில் விமானம் ஏறிய அன்று செலின் அழவில்லை. கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

என் அக்கா மரியம் அடுத்த தெருவில் இருக்கிறாள். செலினுக்குத் தலை பின்னிவிடக் காலையில் வருவாள். அவள் மட்டும் முதலிலிருந்தே ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு வருசந்தானடா? நெசமா ஒரு வருசந்தான?”

“ஒரு வருசந்தாங்க்கா.”

நான் சொன்ன பதில்

இப்போது அந்தத் தாழ்வாரத்துக்கு வருகிறேன். எதை எடுக்கட்டும் என்று ஜெசிந்தா கேட்டாள்.

அவள் ஒன்பது நாள் இல்லாததில் வீடு எனக்குப் பழகவே இல்லை. சட்டைக்குப் பொத்தான் தைப்பதும் இட்லிக்கு ஊறப் போடுவதும் எனக்குத் தெரியும். அதுவல்ல விஷயம். சாயங்காலம் பள்ளியில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்து, சொல்ல ஆள் இல்லாமல் வாயை மூடிக்கொள்வேன். ஒன்பது நாளில் எத்தனையோ முறை. அதை இரண்டு வருடத்துக்கு நீட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“ஒரு வருசமே எடு” என்றேன். “செலினுக்கு அப்படித்தான சொல்லிருக்கோம்.”

பிள்ளையின் பெயரை முன்னால் வைத்தேன். என் பேரில் கேட்க வெட்கமாக இருந்தது.

“சரிங்க” என்றாள். யோசிக்கவே இல்லை. “நானும் அதத்தான் நெனச்சேன்.”

மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை செலின் விளையாடப் போயிருந்தாள். சும்மா இருக்க முடியாமல், ஜெசிந்தா அனுப்பியிருந்த பட்டியலைப் போனில் திறந்தேன். ஒரு வருடப் படிப்பில் என்னென்ன பாடம் என்று பார்த்தேன். நீர் நிர்வாகம். ஒப்பந்தங்கள் எழுதுவது. குழுக்களை நடத்துவது. நீர்ச் சட்டம். பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டே போனேன். கடைசி வரை பாறை வரவில்லை.

இரண்டு வருடப் படிப்பைத் திறந்தேன். முதல் பருவத்திலேயே மூன்றாவது பாடம்: பிளவுபட்ட பாறையில் நீர் நகரும் விதம். அதற்குத் தமிழில் பெயர் வைக்கத் தேவையே இருக்கவில்லை. அது ராமையாவின் காட்டில் உட்கார்ந்து அவள் கேட்ட கேள்வி.

அவளும் இதைப் படித்துத்தானே இருப்பாள். படித்துவிட்டுத்தான் “சரிங்க” என்றிருக்கிறாள்.

அவளை அழைத்தேன்.

“ஜெசி, ரெண்டு வருசத்துக்கு மாத்திக்க.”

“என்னங்க, நேத்துதான் எழுதிக் குடுத்தேன்.”

“போய்க் கேளு.”

“செலினுக்கு என்ன சொல்லுவீங்க?”

“நான் சொல்லிக்கிறேன். அன்னிக்கு நான் செலினுக்காகச் சொல்லல. எனக்காகச் சொன்னேன்.”

“கேட்டுப் பாக்குறேன்” என்று மட்டும் சொன்னாள்.

கணக்கு சார்

திங்கட்கிழமை அவள் அலுவலகத்தில் போய்க் கேட்டாள். தலை முழுக்க நரைத்த ஒரு பேராசிரியை அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டாராம். போர்வெல் தூள் கதையையும் இவள் சொல்லியிருக்கிறாள். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மூன்று வாரத்தில் ஒரு கணிதத் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றாராம்.

ஜெசிந்தா கணக்கைத் தொட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பள்ளியில் எங்கள் கணக்கு ஆசிரியரிடம் சொன்னேன். பெயர் வேண்டாம், அவர் கூச்சப்படுவார். அதிகம் பேசாதவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடச் சொன்னார். அங்கே அப்போது காலை ஒன்பது மணி.

மூன்று வாரம் எங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் கரும்பலகை முன்னால் என் போனை ஒரு டிபன் கேரியரில் சாய்த்து வைத்திருந்தோம். அவர் ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் சாக்பீஸுமாக நிற்பார்.

“இந்த ஸ்டெப் புரிஞ்சுதாங்கம்மா?”

“புரிஞ்சுது சார்.”

“புரிஞ்ச மாதிரி தெரியலீங்களே. திரும்ப வாரேன்.”

தேர்வு முடிவு வந்த அன்று அவர்தான் முதலில் கேட்டார். எத்தனை மதிப்பெண் என்று சொன்னேன். தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டு கூட. அவர் தலையை ஆட்டிவிட்டு, “மூணாவது கணக்கத் தப்பாப் போட்டிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

செலினிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். இரண்டு வருடம் என்றால் எத்தனை காலாண்டு என்று கேட்டாள். எண்ணிச் சொன்னேன். ஹோம்வொர்க் நோட்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு, அதாவது மரியக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா என்னைப் பார்க்க வந்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். “பிள்ளை சாப்புட்டுட்டா” என்று சொல்லிவிட்டு, வாசலில் கொஞ்சம் நின்று, போய்விட்டாள்.

வெள்ளை கவுன்

முதல் சில மாதம் செலின் தினமும் அம்மாவிடம் பேசினாள். பல் விழுந்ததைக் காட்டினாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போனாள். பிறகு, “நான் நல்லாருக்கேன்னு சொல்லிருங்க” என்றாள். பனி விழுவதைக் காட்ட ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிக்கொண்டு காத்திருப்பாள். இங்கே நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மே மாதம் செலினுக்குப் புதுநன்மை. முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவத்தி. எங்கள் குடும்பங்களில் அம்மா பக்கத்தில் நிற்காமல் அது நடந்ததில்லை. ஜெசிந்தாவுக்கு அந்த மாதம் முழுக்கக் கல்குவாரியில் களப்பயிற்சி. அதை விட்டால் ஒரு வருடம் வீண்.

கோயிலில் சாயங்காலப் பூசையின்போது அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிறிய திரையில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு முகம். பின்னால் செங்குத்தான பாறைச் சுவர். பாட்டுச் சத்தம் விட்டு விட்டுத்தான் ஜெசிந்தாவுக்குக் கேட்டதாம். செலின் கையைக் கூப்பிக்கொண்டு திரும்பி நடந்து வந்தபோது திரையைப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் போனை நீட்டினேன். “அம்மா பேசுது பாரு.”

“நேர்ல வந்தப்பறம் பேசுறேன்” என்றாள்.

வீட்டில் கவுனைக் கழற்றும்போது கேட்டாள்: “ரெண்டு வருசம் இருக்கச் சொல்லி யாருப்பா சொன்னா? அம்மாவா கேட்டுச்சு?”

“நான்தான் சொன்னேன்.”

என்னையே பார்த்தாள். பின்பக்கக் கொக்கி அவளுக்கு எட்டவில்லை. நான் கழற்றப் போனேன். விலகிக்கொண்டு, அக்காவைத் தேடிப் போனாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் செய்தது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது.

மூன்று வாரம்

போன கிறிஸ்துமஸுக்கு ஜெசிந்தா மூன்று வார விடுமுறையில் வந்தாள். திருச்சி விமான நிலையத்தில் செலினோடு நின்றிருந்தேன். வெளியே வந்த கூட்டத்தில் அவளை எனக்குச் சட்டென்று தெரியவில்லை. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். அருகில் வந்ததும் ஸ்வெட்டரில் வேறு ஏதோ சோப்பின் வாசம்.

செலின் ஒரு அடி முன்னால் போய், “வாங்கம்மா” என்றாள்.

எங்கள் பக்கம் பிள்ளைகள் பெற்ற தாயை வா, போ என்றுதான் பேசும். செலினும் பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான். வீட்டுக்கு வருகிற டீச்சர்களைத்தான் வாங்க என்பாள். ஜெசிந்தா சிரித்துக்கொண்டே குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தோளுக்கு மேல் என்னைப் பார்த்த முகத்தில் சிரிப்பு இல்லை.

மூன்று வாரமும் அப்படியே போயிற்று. “சாப்புடுங்கம்மா.” “எனக்குத் தெரியும்மா, நீங்க இருங்க.” தலை பின்னிவிடப் போனால், அத்தை நல்லாப் பின்னுவாங்க என்பாள். ஒருநாள் ஜெசிந்தா அவளைத் தன் பழைய நான்கு கம்பிகளோடு காட்டுப் பக்கம் கூட்டிப் போனாள். திரும்பி வரும்போது இரண்டு பேர் கையும் செம்மண். செலின் கம்பிக்குச் சுத்தியல் அடித்தாளாம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் நானும் அவளும் அடுப்படியில் இருந்தோம். பெட்டியில் வைக்க முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப வெடிப்பு எங்கிட்டுப் போகுதுன்னு தெரியுதா?” என்று கேட்டேன்.

“முழுசாத் தெரியலங்க. ஆனா ஏன் தெரியலங்கிறது தெரியுது. படிப்பு முடியிறதுக்குள்ள கொஞ்சம் கிட்டப் போயிருவேன்.”

கரண்டியால் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “நீங்க மொதல்ல ஒரு வருசம்னு சொன்னீங்கள்ல, அன்னிக்கு அழுதேன். ரெண்டு வருசத்துக்கு மாத்திக்கன்னு சொன்ன அன்னிக்கு அதவிட அழுதேன்.”

“எதுக்கு?”

“வந்துருன்னு கூப்புட இங்கிட்டு ஒருத்தர் இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்களும் போன்னு சொல்லிட்டா, அப்பறம் நான்தான படிச்சாகணும்.”

அவளை வரச் சொல்லி ஒரு முறையாவது கூப்பிட்டிருக்கலாம். இப்போதும் கூப்பிடலாம். வாய் வரை வந்தது. முந்திரி கருகுகிறது என்று சொன்னேன். அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் விமான நிலையத்தில் நல்ல கூட்டம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள், வழியனுப்ப வந்த குடும்பங்கள், அழுகை, சிரிப்பு. ஜெசிந்தா செலினின் நெற்றியில் சிலுவை போட்டாள். என் சட்டைக் காலரை நேராக இழுத்துவிட்டாள். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, பெட்டி வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு கதவுக்குள் நுழைந்தாள்.

செலின் என் கையை உதறிவிட்டுத் தடுப்புக் கம்பி வரை ஓடினாள்.

“அம்மா, சீக்கிரம் வா.”

அத்தனை இரைச்சலிலும் அது ஜெசிந்தாவுக்குக் கேட்டது. அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்திருந்தால் அவளால் போயிருக்க முடியாது. வண்டி அப்படியே நின்றது. பின்னால் வந்த ஒருவர் சுற்றிக்கொண்டு முன்னே போனார். பிறகு வண்டி மெல்ல நகர்ந்தது.